சிக்னல் போச்சுன்னா ரீஸ்டோர் பண்ணாதீங்க சாமியோவ்!

போன்ல சிக்னல் கட்டை ஒண்ணுகூட இல்ல. மேல 'நோ சர்வீஸ்'னு எழுத்து மட்டும் நிக்குது. யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான் சொல்றாங்க. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. ஆகலைன்னா ரீசெட் அடி. அப்பவும் ஆகலைன்னா கம்ப்யூட்டர்ல மாட்டி ரீஸ்டோர் பண்ணிடு." ஆபீஸ்ல பக்கத்து சீட்டு நண்பர்லேருந்து சர்வீஸ் சென்டர் தம்பி வரைக்கும் இதே பல்லவி. இதுல முதல் வரியோட எனக்குச் சண்டை இல்ல. மூணாவது வரிக்குத்தான் நான் ஜென்ம எதிரி. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாப் போகும், டீ எடுத்துட்டு வந்துருங்க மக்கா.

ஒரு ஸ்மார்ட்போனுக்குள்ள இருக்கறது ஒரு கணினி இல்லீங்க, ரெண்டு. நாம தொடுறது, பாக்குறது, படம் எடுக்குறது எல்லாம் ஒண்ணோட வேலை. டவரோட பேசுறதுக்குன்னே இன்னொண்ணு உள்ள உக்காந்திருக்கு. மோடம்னும் சொல்வாங்க, பேஸ்பேண்டுனும் சொல்வாங்க. அதுக்குத் தனி ப்ராசஸர், தனி மென்பொருள். பெரியவன் ஆண்ட்ராய்டோ ஐஓஎஸ்ஸோ ஓட்டிக்கிட்டிருக்க, சின்னவன் தன் பாட்டுக்கு டவரோட குசுகுசுன்னு பேசிக்கிட்டிருப்பான். வைஃபை இந்தக் கூட்டணில இல்ல. அதனாலதான் மோடம் செத்தாலும் வாட்ஸப் வீட்டு வைஃபைல ஜோரா ஓடும், யூட்யூப் ஓடும், கேமரா ஓடும். கால் மட்டும் வராது, ஓடிபி மட்டும் வராது.

இப்ப ரீஸ்டோர்னா என்ன? உள்ள இருக்கறதை மொத்தமா அழிச்சுட்டு மென்பொருளைப் புதுசா ஏத்துறது. ஏத்தும்போது மோடத்துக்கும் அதோட மென்பொருளை எழுதணும். எழுதணும்னா மோடம் 'உள்ளேன் ஐயா' சொல்லணும். செத்துப்போனவன் எங்கேருந்து சொல்லுவான்? ரீஸ்டோர் பாதியில நின்னுடும். ஐபோன்கள்ல கம்ப்யூட்டர் திரையில -1னு ஒரு பிழை எண் வந்து நிக்குமே, அது பெரும்பாலும் இந்தச் சங்கதிதான். இதுல கொடுமை என்னன்னா, பழைய சரக்கை எல்லாம் அழிச்சு முடிச்ச அப்புறம்தான் மோடம் பக்கமே வருது. திரும்பிப் போக வழி இல்ல. போன்ல கேபிள் படம் ஒண்ணு வந்து உக்காந்துக்கும். ஆன் பண்ணாலும் கேபிள், ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் கேபிள்.

கணக்குப் பாருங்க. ரீஸ்டோருக்கு முன்னாடி உங்க கையில இருந்தது கால் வராத, மத்ததெல்லாம் ஓடுற ஒரு போன், அதுக்குள்ள உங்க அஞ்சு வருஷத்துப் படங்கள். ரீஸ்டோருக்குப் பின்னாடி இருக்கறது பேப்பர் வெயிட்டு.

சும்மா அடிச்சு விடலீங்க. 2018 பிப்ரவரியில ஆப்பிள் கம்பெனியே ஒத்துக்கிட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. ஐபோன் 7-ல ஒரு சின்ன சதவீதம் போன்கள், டவர் நல்லா இருக்குற இடத்துலயும் 'நோ சர்வீஸ்' காட்டுது, காரணம் மெயின் போர்டுல ஒரு பாகம் செயலிழந்து போனதுன்னு அறிவிச்சாங்க. 2016 செப்டம்பருக்கும் 2018 பிப்ரவரிக்கும் நடுவுல தயாரான, சீனா, ஹாங்காங், ஜப்பான், மக்காவ், அமெரிக்காவுல வித்த சில மாடல்களுக்கு இலவசமா சரி பண்ணித் தந்தாங்க, முதல்ல வித்த நாள்லேருந்து ரெண்டு வருஷம் வரைக்கும். பட்டியல்ல இந்தியா இல்ல. அமெரிக்காவுலேருந்து மாப்பிள்ளை வாங்கிட்டு வந்த போன்னா நம்மூர்லயும் அந்த மாடல் சுத்திக்கிட்டு இருந்திருக்கும். அது இருக்கட்டும். நான் சொல்ல வர்றது என்னன்னா, அந்த போர்டுக்கு எத்தனை தடவை ரீஸ்டோர் அடிச்சாலும் என்ன பிரயோஜனம்? கால் ஒடிஞ்சவனுக்குத் தலைவலி மாத்திரை கொடுக்கற கதைதானே?

எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். மென்பொருளாலயே சிக்னல் போனதும் உண்டு. 2014 செப்டம்பர் 24-ம் தேதி ஐஓஎஸ் 8.0.1னு ஒரு அப்டேட் வந்துச்சு. போட்ட ஐபோன் 6 காரங்க நிறைய பேருக்கு சிக்னல் காலி, விரல் ரேகையும் காலி. சுமார் ஒரு மணி நேரத்துல அதைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க, மறுநாளே 8.0.2 வந்துடுச்சு. அங்க ரீஸ்டோர் பண்ணி பழைய 8-க்குப் போனவங்க தப்பிச்சாங்க. ஆனா வித்தியாசத்தைக் கவனிங்க. மென்பொருள் கோளாறுன்னா ஒரே நாள்ல ஊருக்கே வரும், செய்தியில வரும். நேத்து வரைக்கும் நல்லா இருந்து, அப்டேட் எதுவும் போடாம, உங்க ஒருத்தர் போனுக்கு மட்டும் வந்தா, மென்பொருளைச் சந்தேகப்படறது கடைசியாத்தான் இருக்கணும்.

நிற்க. இதை நான் இவ்வளவு சூடா எழுதறதுக்கு ஒரு காரணம் உண்டு.

எங்க சித்தப்பா போன்ல போன வருஷம் சிக்னல் போச்சு. கம்பெனி பேரு வேணாம். சித்தி தவறி ரெண்டு வருஷம் ஆகுது. அவங்க அனுப்பின வாட்ஸப் குரல் பதிவுகள் எல்லாம் அந்தப் போன்லதான். "வர்றப்ப கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க", "பால்காரனுக்குக் காசு கொடுத்தீங்களா"ன்னு அவ்வளவுதான் இருக்கும். மனுஷன் தினம் ராத்திரி அதுல ஒண்ணைக் கேட்டுட்டுத்தான் படுப்பார். பேக்கப் கீக்கப் ஒண்ணும் கிடையாது. அவருக்கு அந்த வார்த்தையே தெரியாது.

நானும் கூடப் போனேன். சர்வீஸ் சென்டர்ல போனை வாங்கின தம்பி ரெண்டு நிமிஷம்கூடப் பாக்கலை. "சாஃப்ட்வேர் போட்டா சரியாயிடும் சார், டேட்டா போயிடும், இதுல ஒரு கையெழுத்து." ஃபாரத்துல பொடி எழுத்துல 'டேட்டா இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல'ன்னு இருந்துச்சு. சித்தப்பா பேனாவை எடுத்துட்டார். அவருக்கு டேட்டான்னா நெட் பேக், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. போனாப் போகுது, நாளைக்கு மறுபடியும் வரும்னு நெனச்சிருக்கார்!

"சித்தப்பா, இருங்க"ன்னு சொல்லி போனை வாங்கி, *#06# அடிச்சேன். ஐஎம்இஐ எண் வரவேண்டிய இடத்துல ஒண்ணுமே இல்ல. செட்டிங்ஸ்ல 'அபவுட் போன்' போயி பேஸ்பேண்ட் வெர்ஷன் பாத்தா 'அன்னோன்'. அதாவது உள்ள மோடம் இருக்கறதே பெரியவனுக்குத் தெரியலை. தம்பிகிட்ட காட்டினேன். பாவம், நல்ல பையன். "எனக்கும் புரியுது அண்ணே, ஆனா முதல்ல சாஃப்ட்வேர் போட்டுப் பாத்துட்டுத்தான் அடுத்த ஸ்டெப்புக்கே சிஸ்டம் விடும்"னார். அவரைக் குத்தம் சொல்லி என்ன? மேல உக்காந்து அந்த வரிசையை எழுதினவங்களைத்தான் கேக்கணும்.

போனை வீட்டுக்குக் கொண்டாந்து, கேபிள் போட்டு லேப்டாப்புக்கு எல்லாத்தையும் காப்பி பண்ணோம். குரல் பதிவு மட்டுமே நானூத்துச் சொச்சம் இருந்துச்சு. மறுநாள் அதே கடையில கொடுத்தோம், சாஃப்ட்வேர் போட்டாங்க. போன் கம்பெனி லோகோவைத் தாண்டலை. "போர்டு மாத்தணும் சார்"னு விலை சொன்னாங்க பாருங்க, அதுக்குப் புதுசே வாங்கிடலாம். வாங்கிட்டோம். சித்தியோட கறிவேப்பிலை இப்போ புது போன்ல இருக்கு.

அன்னிக்கு அவர் கையெழுத்துப் போட்டிருந்தா? எந்த ரிக்கவரி சென்டராலயும் எடுக்க முடியாதுங்க. பழைய காலத்து மெமரி கார்டு மாதிரி, அழிச்சதைத் தோண்டி எடுக்கறதெல்லாம் இப்ப நடக்காது. இப்போ வர்ற போன்கள்ல உள்ள இருக்கறதெல்லாம் பூட்டுப் போட்டுத்தான் சேமிக்கப்படுது, சாவி போனுக்குள்ளயே இருக்கு. ரீசெட் பண்ணா முதல்ல அழியறது அந்தச் சாவி. போர்டு மாத்தினாலும் அதே கதிதான். சேமிப்பு சிப்பு போர்டோட சேத்து சால்டர் பண்ணினது, பழைய போர்டு போச்சுன்னா உங்க படமும் அதோட போச்சு. இதைக் கவுண்டர்ல யாரும் வாயைத் திறந்து சொல்றதில்ல.

சரி, அப்ப என்னதான்யா பண்றதுன்னு கேக்கறீங்க. முதல்ல சிம்மைக் கழட்டி வேற போன்ல போட்டுப் பாருங்க. இதைத்தான் நான் எல்லாத்துக்கும் மேல சொல்லுவேன், ஏன்னா இதுல காசு விவகாரம் இருக்கு. வேற போன்லயும் சிம் வேலை செய்யலை, அதே கம்பெனி சிம் வெச்சிருக்கற பக்கத்து வீட்டுக்காரருக்கு சிக்னல் இருக்குன்னா, யாரோ உங்க பேர்ல டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்க வாய்ப்பு உண்டு. வங்கிக் கணக்கைச் சுரண்டறவங்களோட பழைய டெக்னிக் இது. சிம் மாத்தினா 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகவும் வரவும் கூடாதுன்னு தொலைத்தொடர்புத் துறை 2022-ல சொன்னது இதனாலதான். அந்த 24 மணி நேரம்தான் உங்க கையில இருக்கற அவகாசம். அதை ரீஸ்டோர் கோடு நகர்றதைப் பாத்துக்கிட்டு உக்காந்தா கழிக்கிறது? சிம் கம்பெனிக்கும் பேங்குக்கும் உடனே போன் போடணும், காசு போயிருந்தா 1930.

சிம் வேற போன்ல வேலை செய்யுதுன்னா, கோளாறு உங்க போன்லதான். ஏரோப்ளேன் மோடு போட்டு எடுங்க. நெட்வொர்க் செட்டிங்ஸை மட்டும் ரீசெட் பண்ணுங்க. இதுல வைஃபை பாஸ்வேர்டும் ப்ளூடூத் ஜோடியும்தான் போகும், படம் போகாது. அப்பவும் ஆகலையா, *#06#. ஐஎம்இஐ ஒழுங்கா வந்தா நம்பிக்கை இருக்கு. ஆன்டெனாவோ சிம் மாட்டுற இடமோ செட்டிங்கோ, ஏதோ ஒண்ணு. வரலைன்னாலோ, ஐபோன்ல 'அபவுட்' பக்கத்துல மோடம் ஃபர்ம்வேருக்கு நேரா காலியா இருந்தாலோ, அன்னிக்கு ராத்திரியே உக்காந்து காப்பி எடுத்துடுங்க. வைஃபை இருக்கு, கேபிள் இருக்கு, போன் உயிரோட இருக்கு. அப்புறம் ரீஸ்டோர் என்ன, சுத்தியலால வேணாலும் அடிங்க.

இ-சிம் காரங்களுக்கு ஒரு வார்த்தை. 2022-ல வந்த ஐபோன் 14-லேருந்து அமெரிக்காவுல விக்கிற மாடல்கள்ல சிம் போடற தட்டே கிடையாது. கழட்டி வேற போன்ல போட்டுப் பாக்கற வழி போச்சு. அழிக்கும்போது 'இ-சிம்மையும் அழிக்கவா'ன்னு கேக்கும். அவசரத்துல சரின்னு அமுக்கிட்டா, மறுபடி அந்த நம்பரை வாங்க சிம் கம்பெனி கதவைத்தான் தட்டணும்.

கம்பெனிகள் மேல எனக்கு இருக்கற கோவம் போன் கெடுதேன்னு இல்லீங்க. சிப்புன்னா கெடத்தான் செய்யும். 'மோடம் பதில் சொல்லலை'ங்கறது போனுக்கே தெரியும்போது, ரீஸ்டோர் பட்டனுக்கு முன்னாடி அதை ஒரு வரி சொல்றதுக்கு என்ன கேடு? 'இந்தப் போன்ல மோடம் தெரியவில்லை, ரீஸ்டோர் முடியாமல் போகலாம், தகவல்களை முதலில் காப்பி எடுங்கள்'. ரெண்டே வரி! அதுக்குப் பதிலா -1னு ஒரு எண். யாருக்கு என்ன புரியும்?

கேக்கற ஆள் இருந்தாத்தான் கம்பெனிகள் அசையுது. வெளிக்கடையில ஹோம் பட்டன் மாத்தின ஐபோன்கள், அப்டேட்டோ ரீஸ்டோரோ பண்ணினதும் 'பிழை 53'னு செத்துப்போச்சு. உலகமே கத்தின அப்புறம் 2016 பிப்ரவரியில மன்னிப்புக் கேட்டு மாத்து மென்பொருள் விட்டாங்க. வெளியில ரிப்பேர் பண்ணதால உங்களுக்கு உரிமை இல்லன்னு வாடிக்கையாளர்கள்கிட்ட சொன்னதுக்காக, 2018 ஜூன்ல ஆஸ்திரேலிய நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு. நம்மூர்ல நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில ரிப்பேர் உரிமைக்குன்னு குழு போட்டு, அதே வருஷம் டிசம்பர்ல இணையதளமும் திறந்தாங்க. செல்போனும் அந்தப் பட்டியல்ல உண்டு. உதிரி பாகம், விலை, வாரண்டின்னு பேசறாங்க, நல்ல விஷயம். அழிக்கறதுக்கு முன்னாடி கோளாறு என்னன்னு சொல்லணும்ங்கறதையும் அதுல சேக்கணும்னு நான் சொல்றேன். ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்காம வயித்தைக் கிழிக்க விடுவோமா?

அது வர்ற வரைக்கும் நான் செய்யறது இது. போனைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட்டுல பேனாவால எழுதிடறேன்: 'என்னைக் கேட்காமல் அழிக்கக் கூடாது. ஐஎம்இஐ வருகிறதா என்று பார்த்துச் சொல்லவும்.' எழுதி, அதை ஒரு படமும் எடுத்து வெச்சுக்கறேன். முறைப்பாங்க. முறைச்சுட்டுப் போகட்டும்.

டிஸ்கி: ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹாண்டு போன் வாங்கற நண்பர்களுக்கு. ஐஎம்இஐ நல்லா வருது, சிம்மும் நல்ல சிம், ஆனா சிக்னல் மட்டும் இல்லன்னா, அது திருட்டுப் போய், சொந்தக்காரர் சஞ்சார் சாத்தி மூலமா பிளாக் பண்ணின போனா இருக்கலாம். இதுக்கும் ரீஸ்டோர் வேலைக்காவாது. கே, ஒய், எம்ங்கற மூணு ஆங்கில எழுத்தை அடிச்சு, ஒரு இடம் விட்டு ஐஎம்இஐ எண்ணையும் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா போனோட ஜாதகம் வந்துடும். காசு கொடுக்கறதுக்கு முன்னாடி, கடை வாசல்லயே நின்னு அனுப்புங்க.