வயிற்றுக் குழந்தைக்கும் ஒரு 'செக்கிங்'!

திருப்பூரில் தைத்து முடிந்த பனியன் நேராகப் பெட்டிக்குள் போய்விடாது. 'செக்கிங்' பெண்கள் கைக்குப் போகும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.

வயிற்றில் இருக்கும் குழந்தையை அப்படிப் பார்க்க முடியுமா? முடியும்! அதுதான் ஸ்கேன்.

இந்த யந்திரத்தின் கதை வேடிக்கையானது. முதலில் இதே வித்தை இரும்பைச் சோதிக்கத்தான் பயன்பட்டது. காதுக்குக் கேட்காத ஒலியைத் தகட்டுக்குள் அனுப்புவார்கள். நடுவிலேயே எதிரொலி திரும்பினால், அங்கே வெடிப்பு! ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் அயன் டொனால்டு, அதையே தாயின் வயிற்றில் செய்து பார்த்தார். 1958-ல் உலகத்துக்கு அறிவித்தார். இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. வலியும் கிடையாது.

எப்போது பார்ப்பது?

12-வது வாரத்தை ஒட்டிப் பார்த்தால் பிரசவ நாள் தெரியும். இரட்டைக் குழந்தையா என்றும் தெரியும். 20-வது வாரத்தை ஒட்டி இருதயம், மூளை, முதுகெலும்பு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். கடைசி மாதங்களில் வளர்ச்சியைப் பார்ப்பார்கள்.

'டாப்ளர்' என்று ஒரு முறை உண்டு. அது ரத்த ஓட்டத்தைக் காட்டும். நஞ்சு வழியாக ரத்தம் சரியாகப் போகாவிட்டால் குழந்தை வளராமல் தேங்கிவிடும். தாய்க்கோ ஒரு வேதனையும் தெரியாது! அவள் வழக்கம்போல மிஷின் மிதித்துக்கொண்டிருப்பாள். ஸ்கேனில் தெரிந்துவிட்டால், பச்சைக் குழந்தைக்குத் தீவிர சிகிச்சை தரும் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யலாம்.

ரத்தக் கொதிப்பு வரக்கூடிய தாயையும் ஆரம்பத்திலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். அவர்களுக்கு 16 வாரத்துக்குள் சிறு அளவு ஆஸ்பிரின் தொடங்கினால் ஆபத்து குறைகிறது என்று 2017-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. (டாக்டர் சொல்லாமல் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது!) இந்தியக் கதிரியக்க டாக்டர்கள் சங்கமும் 2019-ல் இதற்காக 'சம்ரக்ஷண்' என்ற திட்டத்தைத் தொடங்கியது.

ஸ்கேன் எல்லாக் குறையையும் காட்டிவிடாது. ஆணா, பெண்ணா என்று கேட்கவும் கூடாது. 1994-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். சொல்லும் டாக்டருக்கும் ஜெயில். சொல்லச் சொல்லி வற்புறுத்தும் கணவனுக்கும் மாமியாருக்கும் ஜெயில்!

கூலி போகுமே!

திருப்பூரில் டாக்டர்களுக்குப் பஞ்சம் இல்லை. 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாகிவிட்டது. பிறகு என்ன தடை?

சனிக்கிழமைச் சம்பளம்தான் தடை! பீஸ் ரேட்டில் தைக்கும் பெண் ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி இல்லை. பிரசவ லீவு 26 வாரம் என்று 2017-ல் சட்டம் வந்தது உண்மைதான். ஆனால் அதில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கக்கூடியது 8 வாரம்தான். முக்கியமான ஸ்கேன்களோ 12-வது வாரத்திலும் 20-வது வாரத்திலும் வருகின்றன. அப்போது அவள் கம்பெனியில் இருக்கிறாள். அந்த இரண்டு அரை நாளுக்குக் கூலி கொடுத்தால் எந்த முதலாளியும் ஏழையாகிவிட மாட்டார்.

மத்திய அரசு 2016-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாதந்தோறும் 9-ந் தேதி, அரசு ஆஸ்பத்திரிகளில் 4 மாதம் கடந்த கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை. நல்ல திட்டம். ஆனால், 9-ந் தேதி ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிவிடுவார்கள். பனியன் கம்பெனிப் பெண்ணுக்கு ஓய்வு அந்த ஞாயிறு ஒன்றுதான். திங்கட்கிழமை மிஷின் ஓடும்!