கொட்டுப்பட்டவரை எழுப்பி உட்கார வைக்காதீர்கள்

கதண்டு கொட்டி ஒருவர் துவண்டு சாய்ந்தால் நம் ஊர்ப்பக்கம் நடப்பது பெரும்பாலும் இதுதான். நாலு பேர் கூடித் தூக்கி உட்கார வைப்பார்கள். கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். பிறகு பைக்கில் இருவருக்கு நடுவே இருத்தி ஆஸ்பத்திரிக்கு விரைவார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் உட்கார வைப்பதும் பைக்கில் ஏற்றுவதும் உயிருக்கே உலை வைக்கலாம்.

கொட்டிய விஷத்துக்கு ஒவ்வாமை கடுமையாகும்போது இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. அவற்றிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறது. மிஞ்சிய இரத்தமும் கால்பக்கம் தேங்குகிறது. படுத்திருக்கும்வரை இதயம் ஓரளவு சமாளிக்கும். நிமிர்த்தினால் அதற்குத் திரும்பி வர இரத்தம் போதாது. கடும் ஒவ்வாமை மரணங்களை ஆராய்ந்த பிரிட்டன் மருத்துவர் ரிச்சர்ட் பம்ஃப்ரே, எழுந்து உட்கார்ந்த சில வினாடிகளிலேயே சிலர் இறந்ததை 2003இல் எழுதினார்.

ஆகவே மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களை ஒரு பையின் மேல் உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறிப் படுக்க முடியாதவர் மட்டும் காலை நீட்டி உட்காரலாம். வாந்தி எடுப்பவரை ஒருக்களித்தும், கர்ப்பிணியை இடப்பக்கமாகவும் படுக்க வையுங்கள். 'இப்போ தேவலை' என்று அவரே சொன்னாலும் ஆம்புலன்ஸ் வரை நடக்க விடக் கூடாது. 108 வரத் தாமதமாகும் என்றால் கார், வேன் எதுவானாலும் படுத்தபடி கொண்டு போங்கள்.

உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம் என்றால் எவரும் உஷாராகிவிடுவார்கள். தோலில் ஒன்றுமே தெரியாமல் தலைசுற்றலும் குரல் கம்மலும் இளைப்புமாக வருவதும் உண்டு, ஏமாறுவது அங்கேதான். கொட்டு எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதும் வீண். நிறையக் கொட்டினால் விஷமே சிறுநீரகத்தைத் தாக்கும், அது வேறு கதை. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டு போதும். அதே பம்ஃப்ரேயின் 2000ஆம் ஆண்டு ஆய்வில், கொட்டுப்பட்டு இறந்தவர்களுக்கு மூச்சோ இதயமோ நிற்க ஆன இடைநிலை நேரம் வெறும் 15 நிமிடம்.

அவில், செட்ரிசின் மாத்திரைகள் அரிப்பைத் தணிக்கும். சரிந்த இரத்த அழுத்தத்தை அவை தூக்கி நிறுத்தாது, அடைத்த தொண்டையைத் திறக்காது. அதைச் செய்வது தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரீனலின் ஊசி. தனக்குத்தானே குத்திக்கொள்ளும் அட்ரீனலின் பேனா மேலைநாடுகளில் பலர் பையில் இருக்கும். நம் மருந்துக்கடைகளில் அது அரிது. அதனால் தொலைவில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி ஓடாமல், திறந்திருக்கும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அட்ரீனலின் விலை குறைந்த, அடிப்படையான மருந்துதான். போனதும் 'கதண்டு கொட்டியது, மூச்சுத் திணறுகிறது, மயக்கம் வருகிறது' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ஊசி போட்டு 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொன்று போடுவார்கள்.

வழியிலேயே மூச்சு நின்றுவிட்டால் நடுமார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், உதவி வரும்வரை நிறுத்தாமல்.

தேறியவருக்குச் சில மணி நேரம் கழித்து, மறு கொட்டு எதுவும் இல்லாமலே, எல்லாம் திரும்ப வரலாம். டாக்டர் இருக்கச் சொன்னால், 'நல்லாத்தானே இருக்கார்' என்று மல்லுக்கு நின்று வீட்டுக்கு அழைத்து வர வேண்டாம்.