லண்டன் வரை போன இளையராஜா சிம்பொனி: அதை வாசிக்க இங்கே ஆட்கள் இருக்கிறார்களா? - விரிவான விளக்கம்

2025 மார்ச் 8. லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கம். மேடையில் ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரா, நடத்துநர் மிக்கேல் டாம்ஸ். அவர்கள் வாசித்தது தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா எழுதிய 'வேலியண்ட்' சிம்பொனி. அப்போது அவருக்கு வயது 81.

அன்று முதல் வாழ்த்து, விருது, பாராட்டு விழா என்று செய்திகள் வரிசைகட்டி வந்தன. செப்டம்பர் 13-ல் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் தமிழக அரசே அவருடைய 50 ஆண்டு திரைப்பயணத்துக்கு விழா எடுத்தது. எல்லாம் சரி. ஆனால், இந்தக் கொண்டாட்டத்தில் ஒரு கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. சினிமாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தவர், தன் சிம்பொனியை வாசிக்க வைக்க ஏன் லண்டன் போக வேண்டியிருந்தது?

பதில் தெரிய வேண்டும் என்றால், சினிமா பாட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு வேலையைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் 'அரேஞ்சர்'.

அரேஞ்சர் என்றால் யார்? என்ன செய்வார்?

ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டு போடுகிறவர் இசையமைப்பாளர். சரி, பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்கு முன்னால் வருகிற வயலின் கூட்டம்? பாடகரின் குரலுக்கு அடியில் ஓடுகிற பேஸ் கிட்டார்? இரண்டாவது வரிக்குப் பதில் சொல்கிற புல்லாங்குழல்? இதையெல்லாம் யாரோ ஒருவர் முடிவு செய்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக நோட்ஸ் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்தான் அரேஞ்சர்.

எளிமையாகச் சொன்னால், மெட்டு நமக்கு வாயில் வருகிறது. அரேஞ்ச்மென்ட் நமக்கே தெரியாமல் மனசுக்குள் உட்கார்ந்துகொள்கிறது.

இந்தியத் திரையிசையில் பல காலம் இந்த இரண்டு வேலையையும் இரண்டு பேர் செய்தார்கள். மும்பையில் சங்கர் - ஜெய்கிஷன் பாடல்களுக்குப் பின்னால் கோவாவைச் சேர்ந்த செபாஸ்டியன் டிசோசா இருந்தார். மலையாள சினிமாவில் ஆர்.கே.சேகர் புகழ்பெற்ற அரேஞ்சர். ஏ.ஆர்.ரஹ்மானின் அப்பா அவர். இசையமைப்பாளர் பெயர் போஸ்டரில் பெரிதாக வரும். அரேஞ்சர் பெயர் வந்தாலும் 'உதவி' என்ற வரிசையில்தான் வரும்.

இளையராஜா எப்படி வித்தியாசப்பட்டார்?

அவரும் அந்த 'உதவி' வரிசையில் இருந்து வந்தவர்தான். அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் வாசித்துவிட்டு, 1960-களின் கடைசியில் சென்னைக்கு வந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையையும் நோட்ஸ் எழுதுவதையும் கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வை எழுதித் தேறினார். சலில் சௌத்ரி போன்றவர்களுக்கு கிட்டார் வாசித்தார். கன்னடத் திரையுலகில் கொடிகட்டிப் பறந்த ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். அங்கே அவர் செய்த வேலை பெரும்பாலும் அரேஞ்சர் வேலை.

1976-ல் பஞ்சு அருணாசலம் தயாரித்த 'அன்னக்கிளி' வந்தது. ராஜா, 'இளையராஜா' ஆனார். ஆனால் ஒரு விஷயத்தை அவர் விடவில்லை. தனக்கு வேலை கூடியபோதும் அரேஞ்சர் வேலையை இன்னொருவர் கையில் கொடுக்கவில்லை. மெட்டும் அவரே, வயலின் பார்ட்டும் அவரே, பேஸ் கிட்டார் நோட்ஸும் அவரே, படத்தின் பின்னணி இசையும் அவரே.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அந்தக் கால ரெக்கார்டிங்கை யோசித்துப் பாருங்கள். இன்று போல ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிவு செய்து பிறகு ஒட்டுகிற வசதி அப்போது இல்லை. பாடகர், வயலின்காரர்கள், தபேலா, கிட்டார் என எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். ஒருவர் தப்பு செய்தால் எல்லோரும் மறுபடியும் முதலில் இருந்து. எழுதிக் கொடுத்த தாளில் பிசகு இருந்தால் அன்றைய கால்ஷீட் போச்சு. மனசுக்குள் முழு இசைக்குழுவையும் கேட்டு எழுதத் தெரிந்தால்தான் அந்த வேகத்தில் வேலை நடக்கும்.

ராமேஸ்வரம் கரையில் கேட்டது என்ன?

இந்தப் பாடல்கள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்ததில் இலங்கை வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் கேட்கவே வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. சென்னை நிலையத்தைவிட கொழும்பு நிலையம் பக்கம். டீக்கடையிலும் வீட்டுத் திண்ணையிலும் பாட்டு கேட்ட ஒரு தலைமுறை, படத்தின் பெயர், பாடியவர் பெயர், இசையமைப்பாளர் பெயர் எல்லாவற்றையும் அறிவிப்பாளர் குரலிலேயே மனப்பாடம் செய்தது.

வயலின் வாசித்தவர் பெயர்? அதை யாரும் சொல்லவில்லை. கேசட் வந்தபோதும் அட்டையில் அது இல்லை.

இந்தக் கரைக்கும் இளையராஜாவின் ஆர்கெஸ்ட்ரா இசைக்கும் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உத்தரகோசமங்கை, மாணிக்கவாசகர் திருவாசகத்தில் திரும்பத் திரும்ப அழைக்கிற ஊர். 'நீத்தல் விண்ணப்பம்' பகுதியில் அந்த ஊர் இறைவனைத்தான் 'என்னைக் கைவிட்டுவிடாதே' என்று கெஞ்சுகிறார். மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கு, மரகத நடராஜர் மேல் உள்ள சந்தனக்காப்பு களையப்படுவதைப் பார்க்க, இன்றும் கூட்டம் அலைமோதும். அந்தத் திருவாசகத்தில் இருந்து சில பாடல்களை எடுத்து, 2005-ல் இளையராஜா ஆர்கெஸ்ட்ராவோடு இசைத்தட்டாக வெளியிட்டார். வாசித்தது ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா.

தமிழ் மண்ணின் பாட்டு. தமிழர் எழுதிய இசை. வாசிக்க மட்டும் புடாபெஸ்ட்.

சிம்பொனி வரை - முக்கிய ஆண்டுகள்

- 1986: 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம். சினிமா இல்லாத தனி இசை. வயலின் வி.எஸ்.நரசிம்மன்.
- 1988: 'நத்திங் பட் விண்ட்'. புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா.
- 1993: லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுடன் சிம்பொனி பதிவு. அந்தப் பதிவு கடைசி வரை விற்பனைக்கு வரவில்லை.
- 2005: ஆர்கெஸ்ட்ராவில் திருவாசகம்.
- 2018: பத்ம விபூஷண். 2022: மாநிலங்களவை நியமன உறுப்பினர்.
- 2025: 'வேலியண்ட்' லண்டனில் அரங்கேற்றம்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். 81 வயதில் திடீரென்று அவர் சிம்பொனி பக்கம் போகவில்லை. அரேஞ்சராக இருந்த நாளில் இருந்து எழுதிக்கொண்டிருந்ததைத்தான், இந்த முறை படமும் பாடகரும் இல்லாமல் எழுதினார்.

'ஆசியாவிலேயே முதல் சிம்பொனி' - உண்மையா?

சமூக வலைதளங்களில் இப்படி ஒரு வரி பரவியது. அது சரியல்ல. ஜப்பானின் கோசாக்கு யமாடா 1912-லேயே முழு சிம்பொனி எழுதியிருக்கிறார். அதன்பிறகு ஜப்பான், சீனா, கொரியா என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இதைச் சொல்வதால் இளையராஜாவின் பெருமை ஒரு துளியும் குறையாது. ஒரு மொழியின் வெகுஜன சினிமா இசையில் ஐம்பது ஆண்டு உழைத்தவர், அதே கையால் சிம்பொனியும் எழுதுவது எங்குமே அரிதான விஷயம். அதுவே போதும்.

யமாடாவின் நாட்டில் இருந்து நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஜப்பானில் இசையமைப்பாளர்கள் மட்டும் வளரவில்லை. நிரந்தர இசைக்குழுக்களும் கூடவே வளர்ந்தன.

இங்கே ஆர்கெஸ்ட்ரா ஏன் இல்லை?

நல்ல கலைஞர்கள் இல்லாமல் இல்லை. ஒரு சிம்பொனிக்கு எழுபது, எண்பது பேருக்கு மேல் வேண்டும். எல்லோருக்கும் தாளைப் பார்த்தவுடன் வாசிக்கத் தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், அவர்கள் வருடம் முழுக்கச் சேர்ந்தே வாசித்துப் பழகியிருக்க வேண்டும். அதற்கு மாதச் சம்பளம் வேண்டும். இந்தியாவில் அப்படி முழுநேரத் தொழில்முறை இசைக்குழு என்றால் மும்பையில் 2006-ல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாதான். அதிலும் கஜகஸ்தான் போன்ற நாடுகளில் இருந்து வந்த கலைஞர்கள் நிறைய பேர்.

சென்னையில் அந்த இடத்தை ஒரு காலத்தில் சினிமா ஸ்டுடியோக்கள் நிரப்பின. தினமும் ரெக்கார்டிங். தினமும் புது நோட்ஸ். சம்பளத்தோடு கூடிய பள்ளிக்கூடம் மாதிரி. 1992-ல் 'ரோஜா' வந்தபிறகு காட்சி மாறியது. கீபோர்டும் கம்ப்யூட்டரும் பல வாத்தியங்களின் வேலையைச் செய்தன. கலைஞர்கள் ஒன்றாக உட்காராமல், ஒவ்வொருவராக வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. புது சத்தம் வேண்டும் என்று கேட்டவர்கள் ரசிகர்களாகிய நாமும்தான். ரஹ்மானே 2008-ல் கே.எம். இசைக் கல்லூரி தொடங்கி, வசதி இல்லாத பிள்ளைகளுக்கு ஆர்கெஸ்ட்ரா பயிற்சி கொடுக்கிற 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா'வை நடத்துகிறார். ஆனால் ஒரு தனி நிறுவனத்தால் மட்டும் நிரம்புகிற இடம் இல்லை இது.

பணம் யாருக்குப் போகிறது?

இங்கேதான் இளையராஜாவின் காப்புரிமை வழக்குகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'மஞ்சும்மல் பாய்ஸ்', 'குட் பேட் அக்லி' என்று அவர் நோட்டீஸ் அனுப்பும்போதெல்லாம் 'இவ்வளவு சம்பாதித்தவருக்கு இன்னும் எதற்கு?' என்று ஒரு கோஷ்டி கேட்கிறது. விஷயம் அவ்வளவு சின்னது இல்லை.

1977-ல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, படத்துக்காகச் சம்பளம் வாங்கிப் போட்ட இசையில் தயாரிப்பாளருக்கே முதல் உரிமை என்ற நிலை இருந்தது. 2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாடுகளுக்கு, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு; அதை அவர்கள் எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது என்று ஆனது. 2012-க்கு முந்தைய ஒப்பந்தங்களில் யாருக்கு என்ன உரிமை என்பதில்தான் பெரும்பாலான சண்டை.

ஆனால் அரேஞ்சர்? சட்டத்தில் அப்படி ஒரு தனிப் பெயரே இல்லை. இளையராஜா தனக்குத்தானே அரேஞ்சர் என்பதால் அவருடைய எல்லா உழைப்பும் 'இசையமைப்பாளர்' என்ற சொல்லுக்குள் வந்துவிடுகிறது. மற்ற அரேஞ்சர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வாசித்தவர்களுக்கு? நிகழ்த்துபவர்களுக்கும் ராயல்டி உண்டு என்று அதே திருத்தம் சொல்கிறது. ஆனால் அன்றைக்கு அந்த வயலினை வாசித்தது யார் என்று எழுதி வைக்காதபோது, எந்தப் பெயரில் போய்க் கேட்பது? அவர்களுக்குக் கிடைத்தது அன்றைய கால்ஷீட் பணம். அதோடு சரி.

அப்போ என்ன செய்யலாம்?

விருதுகள் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இளையராஜா பெயரில் இசைக் கலைஞர்களுக்கு ஆண்டுதோறும் விருது தரப்படும் என்று முதலமைச்சர் அந்த விழாவில் அறிவித்தது நல்ல விஷயமே. ஆனால் அவர் விட்டுப்போகிற சொத்து பாட்டு மட்டும் இல்லை. கையால் எழுதிய ஆயிரக்கணக்கான தாள்கள். அவற்றைப் பாதுகாக்க ஒரு காப்பகம் வேண்டும். பழைய ரெக்கார்டிங்குகளில் வாசித்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு, யார் எதில் வாசித்தார்கள் என்று பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

மூன்றாவது, படிப்பு. ராமநாதபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், மிருதங்கம் ஆகியவற்றோடு வயலினும் சொல்லித் தருகிறார்கள். மூன்று ஆண்டு சான்றிதழ் படிப்பு. இதே போல் பல மாவட்டங்களில் உண்டு. அங்கே வயலின் சொல்லித் தரப்படுவது கர்நாடக முறையில். அது இருக்கட்டும், அது நம் சொத்து. அதன் பக்கத்திலேயே மேற்கத்திய நோட்ஸ் படிக்கவும், பத்துப் பேராகச் சேர்ந்து வாசிக்கவும் ஒரு வகுப்பு தொடங்கினால் என்ன?

ராமேஸ்வரத்து மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி அந்த வகுப்பில் சேர்ந்து, இளையராஜா எழுதிய தாளைப் பார்த்து நேராக வாசிக்கிற நாள் வந்தால், அதற்குப் பிறகு சிம்பொனிக்காக யாரும் விமானம் ஏற வேண்டியதில்லை. இல்லாவிட்டால் அந்தத் தாள்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். நாமும் வரிசையில் நின்று பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வருவோம்.