கலாசாலையின் பெயரும் கல்வியின் தரமும்

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவுகள் வெளியானதும் தமிழ்நாட்டில் எண்ணற்ற இல்லங்களில் ஒரே விவாதம் எழுகிறது. பெயர்பெற்ற கலாசாலையில் ஏதேனும் ஒரு பாடம் கிடைத்தாலும் ஏற்றுக்கொள்வதா, அன்றி விரும்பிய பாடத்தைச் செவ்வனே போதிக்கும், அவ்வளவு பிரசித்தியில்லாத கலாசாலையை நாடுவதா என்பதே அவ்விவாதம். முன்னதைத் தேர்பவர்களே பலர். போதனையின் தரத்தை விசாரியாமல் பெயருக்காக மட்டும் செய்யப்படும் அம்முடிவு பிழையானது என்பது நமது அபிப்பிராயம்.

பெயரால் பயனில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் மாணாக்கருக்குச் சிபாரிசு செய்ய உறவினரில்லை. பெரிய மனிதர் பரிச்சயமும் இல்லை. உத்தியோகத்திற்கு ஆள் தேடும் கம்பெனிகளோ பெயர்பெற்ற கல்லூரிகளையே முதலில் நாடுகின்றன. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் கலாசாலையின் பெயர் ஓர் அலங்காரம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதுவே சிபாரிசுக் கடிதம். ஆகவே பெயரை நாடும் பெற்றோரைப் பரிகசிப்பது நியாயமன்று. ஆயினும், அப்பெயர் எதற்கு உத்தரவாதம், எதற்கு உத்தரவாதமன்று என்பதை அவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டு சர்வகலாசாலைகள் நிறுவப்பட்டன. பரீட்சை நடத்திப் பட்டம் வழங்குவதே அவற்றின் வேலை. போதனை நடந்ததெல்லாம் கல்லூரிகளில்தான். பட்டத்தின் பெயர் ஓரிடத்தும் படிப்பு வேறோரிடத்துமாக அன்று அமைந்த ஏற்பாட்டின் சாயல் இன்றும் நீங்கவில்லை. 1978-ல் தோன்றிய அண்ணா பல்கலைக்கழகத்துடன் நூற்றுக்கணக்கான என்ஜினீயரிங் கல்லூரிகள் இணைந்துள்ளன. 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கிண்டிக் கல்லூரியில் படித்தவரும், சென்ற சில வருஷங்களுக்குள் கட்டப்பட்ட இணைப்புக் கல்லூரியில் படித்தவரும் அதே பல்கலைக்கழகத்தின் பெயரால்தான் பட்டம் பெறுகின்றனர். தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்கின்றன. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தினுடையது. பத்திரத்தின் தலைப்பிலுள்ள பெயரைக் கொண்டு வகுப்பறையின் தரத்தை அளக்க இயலுமா?

இது வெறும் வாதமன்று. ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்கில் காட்டப்பட்டிருந்த அக்கிரமம் 2024 ஜூலையில் அம்பலமாயிற்று. இணைப்புக் கல்லூரிகளில் அவ்விதம் நடந்திருப்பதைப் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. ஏட்டில் மட்டும் இருக்கும் ஆசிரியர் எவருக்குப் பாடம் சொல்வார்? நிலத்தை அடகு வைத்துக் கட்டணம் செலுத்திய தகப்பனார் ஏமாற்றப்பட்டது இங்கேதான்.

அரசாங்க முத்திரைகளையும் பகுத்தறிந்தே பார்க்க வேண்டும். 'நாக்' என்னும் குழு வழங்கும் தரம் ஸ்தாபனம் முழுவதற்கும் உரியது. தேசிய அங்கீகார வாரியம் வழங்கும் அங்கீகாரமோ தனித்தனிப் பாடப்பிரிவுக்கு உரியது. ஒரே கல்லூரியில் ஒரு பிரிவு அதைப் பெற்றிருக்க, மற்றொன்று பெறாதிருக்கலாம். விளம்பரங்களில் முதலாவது முத்திரை பெரிய எழுத்தில் மின்னுகிறது. மாணாக்கருக்கு அதிகம் பயன்படுவது இரண்டாவதே. 2025 பிப்ரவரியில் 'நாக்' ஆய்வுக் குழுவினர் சிலர் லஞ்சக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டதையும் நாடு கண்டது. 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசைப் பட்டியலிலோ நூற்றுக்குப் பத்துப் பங்கு பிறர் கொண்டுள்ள மதிப்பிற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெயரை அளக்கப் பெயரையே அளவுகோலாக்குவது விந்தைதான்.

கலாசாலையின் பெயரில் மயங்காதவர் சிலர் பாடத்தின் பெயரில் மயங்குகின்றனர். செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்னும் பெயர்களைக் கேட்டமாத்திரத்தில் இடம் பிடிக்க ஓடுகின்றனர். ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்களுக்கு மேல் கூடாது என்றிருந்த வரம்பை அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2024-ல் தளர்த்தியது. கட்டிடமும் ஆசிரியரும் போதிய அளவு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இருபது மாணாக்கருக்கு ஓர் ஆசிரியர் என்பது கவுன்சிலின் விதி. வகுப்புக்கு அறுபது பேர் என்றால் நான்கு வருஷங்களுக்கும் சேர்த்து இருநூற்று நாற்பது பேர். அவர்களுக்குப் பன்னிரண்டு ஆசிரியர் வேண்டும். இடங்களை ஒரு கோடையில் பெருக்கிவிடலாம். புதுப் பாடத்தில் தேர்ந்த ஆசிரியரை அவ்வளவு விரைவில் உண்டாக்க முடியாது.

ஆகையால் பெற்றோர் முதலில் பாடப்பிரிவை விசாரிக்கட்டும். அப்பிரிவில் நிரந்தரமாகப் பணியாற்றும் ஆசிரியர் எத்தனை பேர்? ஆய்வுக்கூடத்தில் மாணாக்கர் தம் கையால் வேலை செய்கின்றனரா? அப்பிரிவில் முன்பு படித்தவர்கள் இன்று என்ன செய்கின்றனர்? மூன்றாம் வருஷ மாணாக்கர் இருவரை நேரில் கண்டு பேசினால் விளம்பரம் மறைப்பது வெளிப்பட்டுவிடும். இவ்விசாரணையில் இரு கலாசாலைகள் சமமாக நின்றால், பெயருள்ளதைத் தேர்வதில் தவறில்லை.

ஆனால் கிராமத்துக் குடும்பமெல்லாம் ஊர் ஊராய்ச் சென்று துப்பறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது தகாது. அது சர்க்காரின் கடமை. 2018 முதல் இணையவழியில் நடைபெறும் என்ஜினீயரிங் கலந்தாய்வில், மாணாக்கர் கல்லூரியையும் பாடத்தையும் சேர்த்தே வரிசைப்படுத்துகின்றனர். அவ்வரிசையின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அப்பிரிவின் ஆசிரியர் பெயர்களும், அங்கீகார நிலையும் காணப்படல் வேண்டும். கல்லூரிகள் எழுதிக் கொடுத்ததை அப்படியே அச்சிடுவது போதாது. அதிகாரிகள் நேரில் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். பொய்க் கணக்குக் காட்டிய பிரிவில் அவ்வருஷம் ஓரிடமும் நிரப்பலாகாது. சர்க்கார் இதனைச் செய்யும்வரை, பொதுஜனங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.