சோதனை எல்லோருக்கும், ஓய்வு யாருக்கு?

கர்ப்ப காலத்தில் வரும் பிரஷரையும் சுகரையும் பணக்கார வியாதி என்று நம் தெருக்களில் இன்னமும் பலர் நினைக்கிறார்கள். உடம்பு நோகாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு வருவது, குனிந்து நாற்று நடுகிறவளுக்கு எப்படி வரும் என்று கேட்கிறார்கள். வருகிறது. வந்தபின் பிழைப்பது யார் என்பதில்தான் கூலிக்காரிக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு தொடங்குகிறது.

தாய் இறப்பைக் குறைத்ததில் தமிழ்நாடு பெருமைப்படலாம். 2018-20க்கான மாதிரிப் பதிவு கணக்கெடுப்பின்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது இறக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் கிராம சுகாதாரச் செவிலியர்களின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. ஆனால் அந்த 54 பேர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்பதை அறிக்கை சொல்வதில்லை. தாய் இறப்பு விகிதம் மாநில வாரியாக வெளியாகிறது. சாதி வாரியாக வெளியாவதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். திருவாரூர் மாவட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். அன்று மாநிலத்திலேயே அதிக விகிதம் இதுதான். இப்படிப்பட்ட மாவட்டத்தில் பொதுச் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதி அடைய முடியாது.

நோயின் போக்கை முதலில் பார்ப்போம். ரத்த அழுத்தம் 140க்கு 90 என்ற அளவைத் தொட்டால் கர்ப்பிணிக்கு அது அதிகம். 20 வாரத்துக்குப் பிறகு அழுத்தம் கூடி, சிறுநீரில் புரதமும் வெளியேறினால் சிறுநீரகம், கல்லீரல், மூளை வரை பாதிக்கும். முற்றினால் வலிப்பு வரும். நம் கிழவிகள் ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான். இதைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி விலை மலிவானது. ஆனால் அழுத்தம் ஏறியிருப்பதை முன்கூட்டியே அறிந்தால்தான் அந்த ஊசி உரிய நேரத்தில் உதவும். தொடக்கத்தில் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. அளந்து பார்த்தால் ஒழிய அந்தப் பெண்ணுக்கே தெரியாது. சர்க்கரையும் அப்படித்தான். அது இருந்தால் பிரஷர் வரும் வாய்ப்பும் கூடும்; குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துப் பிரசவம் சிக்கலாகும்.

இரண்டு மணி நேரத்தின் விலை

கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை வேண்டும் என்று வலியுறுத்தி, அதை எளிமையாக்கியவர் சென்னையின் மருத்துவர் வி. சேஷையா. வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை ரத்தம் எடுத்தால் போதும். அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால சர்க்கரை நோய். 2007இல் தமிழ்நாடு அரசு இதை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உரியதாக்கியது. பிற்பாடு மத்திய அரசின் வழிகாட்டுதலும் இதே முறையை ஏற்றது: முதல் பரிசோதனைக்கு வரும்போது ஒருமுறை, பிறகு 24 முதல் 28 வாரத்துக்குள் ஒருமுறை.

பட்டினியோடு பேருந்து ஏறி வர முடியாத பெண்களை நினைத்து உருவான முறை இது. ஆனாலும் அந்த இரண்டு மணி நேரம் கூலிக்காரிக்கு இரண்டு மணி நேரமாக முடிவதில்லை. நடவு நாளில் காலை வேலைக்கு இறங்காதவளுக்கு அன்றைய கூலி கிடையாது. குளுக்கோஸ் குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்ப வர வேண்டும். இன்னொரு கூலியும் போய்விடும். நோய் உறுதியானால் இரண்டு வாரம் உணவுக் கட்டுப்பாடு, மறுபடி பரிசோதனை, அப்போதும் குறையாவிட்டால் மாத்திரை அல்லது இன்சுலின், அதன்பின் தொடர் கண்காணிப்பு. பரிசோதனை இலவசம்தான். அதற்கு வந்து போகும் நாட்களுக்கு யார் கூலி தருவார்கள்?

‘ரெஸ்ட் எடும்மா, நல்லா சாப்பிடு’

அழுத்தம் கூடியவளுக்கு மருத்துவர் சொல்லும் முதல் வார்த்தை இது. ஓய்வு என்றால் வீட்டில் இன்னொருவர் சம்பாதிக்க வேண்டும், இன்னொருவர் தண்ணீர் பிடிக்க வேண்டும். எட்டாம் மாதத்திலும் நூறு நாள் வேலைக்கு வந்து நிற்கும் பெண்ணை ‘அறியாமை’ என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். வராவிட்டால் அடுப்பு எரியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சாப்பாட்டுக்கு வருவோம். ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைப்பது பெரும் பாதுகாப்பு. ஆனால் மூன்று வேளையும் சோறே வயிற்றை நிரப்பும் வீட்டில், ‘சோற்றைக் குறை’ என்ற அறிவுரை பட்டினியில் முடிகிறது. கர்ப்பிணி பட்டினி கிடக்கக் கூடாது. வழிகாட்டுதல் சொல்வது, உணவைப் பிரித்துப் பிரித்து உண்ணவும், மாவுச்சத்தைக் குறைத்துப் பருப்பு, முட்டை, காய், கீரையைக் கூட்டவும்தான். அந்தக் கூட்டலுக்குக் காசு வேண்டும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் வெல்லம் கலந்திருக்கிறது. சர்க்கரை உள்ள கர்ப்பிணிக்கும் அதே பொட்டலம்தான். ஒரு துறை சர்க்கரையைக் கண்டுபிடிக்கிறது, இன்னொரு துறை இனிப்பைக் கையில் கொடுக்கிறது. இரண்டும் ஒரே அரசின் துறைகள்.

தூரம்

2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. சொல் போனாலும் தூரம் அப்படியே இருக்கிறது. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அது ஊர்த் தெருவில் இருக்கிறதா, நம் குடியிருப்பின் பக்கம் இருக்கிறதா என்பது கணக்கில் வராது. மழைக்காலத்தில் வாய்க்காலைத் தாண்டி 108 வண்டி வர முடியாத குடியிருப்புகள் டெல்டாவில் உண்டு. முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 50 கிலோமீட்டர். வலிப்பு கண்ட பெண்ணுக்கு அது மிக நீண்ட பாதை.

இன்னொரு தூரம் பேச்சில் இருக்கிறது. ‘ஏன் லேட்டா வந்தே? போன வாரம் எங்கே போனே?’ என்று வரிசையில் எல்லோர் முன்னும் ஒருமையில் கேட்கப்பட்ட பெண், அடுத்த முறை தலைவலி வந்தால் மருத்துவமனைக்குப் போக யோசிப்பாள். தீண்டாமையின் பேரால் மருத்துவமனையில் அனுமதி மறுப்பதை 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமே குற்றம் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லால் விரட்டுவதைத்தான் நிரூபிப்பது கடினம்.

விட்டுப்போனவர்கள்

கூலி இழப்பை ஈடுகட்டத்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் வந்தது. இன்று அது பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய். ஆனால் 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும் என்பவை நிபந்தனைகள். முதல் கர்ப்பத்திலும் மிக இளம் வயதிலும்தான் ரத்த அழுத்த நோய் அதிகம் வருகிறது. வயதும் பிரசவங்களும் கூடக் கூட சர்க்கரையின் வாய்ப்பு ஏறுகிறது. ஆக, குழந்தைத் திருமணத்துக்குத் தள்ளப்பட்ட சிறுமியும் மூன்றாவது பிள்ளையைச் சுமப்பவளும் ஆபத்துப் பட்டியலில் முன்னால் நிற்கிறார்கள். உதவிப் பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை. தண்டனையாக வைத்த நிபந்தனை, மிகவும் தேவைப்படும் இடத்தில் சோற்றைப் பறிக்கிறது.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்குரியது, அதன் சுமையில் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். மறு ஆண்டே அது சட்டமானது. பேறுகாலப் பயன் சட்டத்தின் 2017 திருத்தம், அதன் கீழ் வந்த பெண்களுக்கு 26 வாரம் வரை சம்பளத்துடன் விடுப்பு தந்தது. வரப்பில் நிற்கும் கூலிப் பெண்ணுக்கு ஒரு நாள்கூட இல்லை.

மாவட்ட அளவிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத் தன்னார்வலர் பிரஷர் கருவியோடு வீடு வீடாகப் போகிறார். மாமியாருக்கு மாத்திரை கொடுக்கும் அதே திண்ணையில் கர்ப்பிணி மருமகளின் கையிலும் கருவியைக் கட்டி அளந்து, கூடுதலாக இருந்தால் அன்றே செவிலியருக்குச் சொல்லட்டும். பிரஷர், சுகர் உறுதியான கர்ப்பிணிகளுக்கு அங்கன்வாடியில் வெல்லம் இல்லாத மாவும் கூடுதல் முட்டையும் சுண்டலும் தரலாம். அரசு, ஆபத்து அதிகமுள்ள கர்ப்பங்களுக்கு வயது, பிள்ளை எண்ணிக்கை நிபந்தனைகளைத் தளர்த்தி, பணத்தைப் பிரசவத்துக்கு முன்பே கையில் சேர்க்க வேண்டும்.

நம் குடும்பங்களுக்கும் சில வார்த்தைகள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள். பிரசவம் முடிந்த பிறகும் சில நாட்களுக்கு இந்த ஆபத்து உண்டு. வீட்டுப் பெரியவர்களின் பிரஷர் மாத்திரையைக் கர்ப்பிணிக்குக் கொடுக்காதீர்கள். எனலாப்ரில் போன்றவை சிசுவுக்குக் கேடு. சர்க்கரை வந்தவர் பிரசவித்த ஆறாவது வாரம் மறுபடி சோதிக்க வேண்டும். பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அவருக்குப் பல மடங்கு அதிகம்.

ஒவ்வொரு தாய் இறப்பும் மாவட்டத்தில் தணிக்கை செய்யப்படுகிறது. பெயர்கள் வேண்டாம், யாரையும் அடையாளம் காட்ட வேண்டாம். இறந்தவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், அவர்களில் பிரஷராலும் சுகராலும் போனவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களை மட்டும் ஆண்டுதோறும் மாவட்ட நிர்வாகம் வெளியிடட்டும். கிராம சபையில் நாம் கேட்க வேண்டிய முதல் கணக்கு அதுதான்.