விசா என்னும் விசாரணை

சுற்றுலா என்னும் சொல் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. செல்வ நாடுகளின் குடிகளுக்கு அது ஓய்வு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ லொட்ஜ் அறையொன்றில் தங்கி, இலண்டனில் வாழும் மகளின் பிள்ளைப்பேற்றுக்குச் செல்லக் காத்திருக்கும் யாழ்ப்பாணத்துத் தாய்க்கோ அது விசாரணை. அவள் நிறுவவேண்டியது செல்லும் நோக்கத்தை மட்டுமன்று. திரும்பி வரும் எண்ணத்தையும் நிறுவவேண்டும். இன்னும் நிகழாத ஒன்றுக்குச் சான்று கேட்கும் இவ்விசித்திர நீதி எவ்வாறு பிறந்தது?

1985 வரை இலங்கையர் பிரித்தானியாவைச் சென்று பார்த்துவர விசா தேவைப்படவில்லை. 1983 ஆடிக் கலவரத்தின் பின் தமிழர் புகலிடம் தேடி அந்நாட்டை அடையலாயினர். 1985 மே மாதத்தில் இலங்கையர்மீது விசா விதிக்கப்பட்டது. பொதுநலவாய நாடொன்றின் குடிகள்மீது பிரித்தானியா அவ்வாறு விதித்தது அதுவே முதற் தடவை. 1987 இல் வந்த சட்டமோ, உரிய பத்திரமில்லாத பயணியை ஏற்றிவரும் நிறுவனத்துக்கு ஆளொருவருக்கு 1,000 பவுண் தண்டம் விதித்தது. வீடு பற்றி எரிகையில் வெளியே ஓடிவந்தவரைக் கண்டு, தன் படலையைப் பூட்டிக்கொண்ட அயலவனின் செயலன்றோ இது?

ஐக்கிய அமெரிக்காவின் 1952 ஆம் ஆண்டுச் சட்டம் இக்கொள்கையை ஒளிக்காமலே கூறுகின்றது. சுற்றுலா விசா கேட்பவர், அதிகாரியைத் திருப்திப்படுத்தும் வரை, குடியேற வருபவராகவே கருதப்படுவார். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவன்கூடக் குற்றம் நிரூபிக்கப்படும் வரை நிரபராதி எனப்படுகின்றான். பேரப்பிள்ளையைப் பார்க்கப் புறப்பட்ட கிழவிக்கு அந்தச் சலுகையும் இல்லை!

திரும்பி வருவதற்குச் சான்றாக ஏற்கப்படுபவை எவை? வங்கிக் கணக்கு, காணி உறுதி, தொழில்தருநர் கடிதம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, தம் காணி உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிவிட, நீண்டகாலம் அதனை எட்டிப் பார்க்கவும் இயலாதிருந்தோர் எதனைக் காட்டுவர்? சொந்த மண்ணுக்குத் திரும்புவதையே வாழ்நாள் ஏக்கமாகக் கொண்டவர், திரும்பும் எண்ணம் இல்லாதவர் என ஒதுக்கப்படுகின்றார். இதனிலும் கொடிய முரண் வேறுண்டோ?

அயல் நாடுகள் மட்டுமா இவ்வாறு ஐயுறுகின்றன? 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டது. குடாநாட்டிலிருந்து கப்பலிலோ விமானத்திலோ கொழும்பு வந்தவர்கள், விசா அலுவல் ஒருநாளில் முடியாமையால், லொட்ஜுகளில் தங்கினர். 2007 யூன் 7 ஆந் திகதி அதிகாலையில் பொலிசார் இவ்விடுதிகளுட் புகுந்தனர். பொலிசாரின் கணக்கின்படி 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். தக்க காரணமின்றித் தலைநகரிற் தங்கியிருந்தனர் என்பதே அவர்கள்மீது கூறப்பட்ட குற்றம். மறுநாள் உயர் நீதிமன்றம் இவ்வெளியேற்றத்துக்குத் தடை விதித்தது. பிரதமரும் பின்னர் வருத்தம் தெரிவித்தார். எனினும் அந்த அதிகாலை உணர்த்திய உண்மை மறையவில்லை. "இந்நாட்டுக்குத் திரும்பி வருவாயா?" என்று தூதரகம் கேட்டது, "இந்நகரில் உனக்கென்ன வேலை?" என்று அரசு கேட்டது. போகவும் காரணம் காட்டவேண்டும், இருக்கவும் காரணம் காட்டவேண்டும் என்றால் அம்மனிதன் எங்கேதான் காலூன்றுவது?

தன் எல்லையைக் காப்பது ஒவ்வொரு நாட்டின் உரிமை என்றும், விசாக் காலம் முடிந்தும் திரும்பாதோர் உளர் என்றும் வாதிடுவர். இரண்டும் உண்மையே. ஆயின், திரும்பாதவனின் தவறுக்குத் திரும்ப இருப்பவனைத் தண்டிப்பது எல்லைக் காவலாகாது. மறுக்கப்பட்டவரிடமிருந்தும் கட்டணத்தை அறவிடுவது எந்த எல்லையைக் காக்கின்றது? உறவினரைப் பார்க்க வருவோருக்கிருந்த முழுமையான மேன்முறையீட்டு உரிமையைப் பிரித்தானியா 2013 யூனில் நீக்கியதும் எல்லைக் காவலுக்கு இன்றியமையாததன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 ஆம் ஆண்டு விசா விதிக்கோவை மறுப்புக்குக் காரணம் கூறவும், மேன்முறையீட்டுக்கு இடமளிக்கவும் வேண்டும் என்கின்றது. அங்கு இயலுவது ஏனையோருக்கு இயலாததன்று.

தமிழ்ச் சமூகமும் இவ்விடயத்தில் மாசற்றதன்று. மாப்பிள்ளையின் குணத்தைக் கேட்குமுன் அவரது வதிவிட அனுமதியைக் கேட்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? ஏஜென்சிக்காரரின் பொய்ப் பத்திரத்துக்குக் காணியை ஈடுவைப்போர், உண்மைப் பத்திரத்துடன் வருவோர் மீதும் ஐயம் விழச் செய்கின்றனர். வெளிநாட்டு முத்திரையைக் குலப்பெருமையாக்கிய சமூகம், அம்முத்திரையை மறுப்பவனிடம் தன்மானத்தை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

வேண்டுவன பெரியனவல்ல. மறுப்புக்கான காரணம் விண்ணப்பதாரருக்கு விளங்கும் தமிழில் எழுத்தில் தரப்படல் வேண்டும். மறுக்கப்பட்டால் கட்டணத்தில் ஒரு பகுதியேனும் மீளளிக்கப்படல் வேண்டும். போரினால் காணியையும் பத்திரங்களையும் இழந்தோருக்கு வேறு சான்றுகள் ஏற்கப்படல் வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் விண்ணப்பங்களை ஏற்க வழி செய்யப்படல் வேண்டும். 2010 இல் யாழ்ப்பாணத்தில் திறக்கப்பட்ட இந்தியத் துணைத் தூதரகம், அலுவலகம் மக்களைத் தேடி வரலாம் என்பதற்குச் சான்று.

காலி வீதியில் வெள்ளவத்தைக்கும் கொள்ளுப்பிட்டித் தூதரகங்களுக்கும் இடையே உள்ள தூரம் சில மைல்களே. ஐயத்தைச் சட்டமாக்கியோர் அத்தூரத்தைக் கடலாக்கிவிட்டனர். விருந்தினராய்ச் செல்பவரைக் குற்றவாளியாய் நிறுத்தும் வரை, எந்த நாடும் தன்னை நாகரிக நாடென்று அழைத்துக்கொள்ளும் தகுதி உடையதாகாது.