விலையைக் கேட்டால் என்ன?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பேருந்து ஏறுமுன் பால்கோவாக் கடையில் நிற்கிறோம். "கிலோ என்ன விலை?" என்று உரக்கவே கேட்கிறோம். பக்கத்துக் கடையிலும் விசாரித்துவிட்டுக் கால் கிலோ போதும் என்று வாங்கி வருகிறோம். அதில் யாருக்கும் வெட்கம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு கைப்பையின் விலையையோ பட்டுப்புடவையின் விலையையோ கேட்க வேண்டுமென்றால் மட்டும் நமக்கு நா எழுவதில்லையே, ஏன்?

சென்ற ஆண்டு பழைய மாணவியர் கூட்டத்துக்குச் சென்னையில் வேலை பார்க்கும் ஓர் அக்கா வந்திருந்தார். சொற்பொழிவைக் கேட்டதைவிட அவர் தோளில் தொங்கிய பையைத்தான் எங்களில் பலர் கவனமாகப் பார்த்தோம். (மதர் மன்னிக்க வேண்டும்!) வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் பொறித்த பை. முப்பதாயிரம் இருக்கும் என்றாள் ஒருத்தி. எழுபதாயிரம் என்று அடித்துச் சொன்னாள் இன்னொருத்தி. துணிந்து கேட்டபோது, "சும்மா, தள்ளுபடியில் வாங்கினதுப்பா" என்று அக்கா பேச்சை மாற்றிவிட்டார். மாலையில் ராஜபாளையம் பேருந்துக்காக எங்களோடு நின்றபோது தாமாகவே சொன்னார். பன்னிரண்டு மாதத் தவணையாம். இன்னும் ஏழு மாதம் பாக்கியாம். அதைச் சொல்லி முடித்ததும் அவர் முகம் தெளிந்ததை நாங்கள் கண்டோம்.

அக்காவைக் குறை கூற இதை எழுதவில்லை. நம் வீட்டு பீரோவில் இருக்கும் பட்டுப்புடவைக்கு எத்தனை விலை என்று எண்ணிப் பாருங்கள். அப்பாவிடம் சொன்ன விலை ஒன்று. நாத்தனாரிடம் சொன்ன விலை ஒன்று. பில்லில் இருக்கும் விலை வேறொன்று. முதலாவதைக் குறைத்தும் இரண்டாவதைக் கூட்டியும் சொல்லும் கலையில் நம் அம்மாமார்கள் கைதேர்ந்தவர்கள். கூட்டிச் சொல்வது கௌரவத்துக்காக. குறைத்துச் சொல்வது கண்திருஷ்டிக்குப் பயந்து, அல்லது யாராவது கைமாற்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்து.

விலையை மறைத்தால் அந்தப் பணம் வந்த வழியும் சேர்ந்தே மறைந்துபோகிறது. எங்கள் கவலை அதுதான். 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து மில் சம்பளத்திலும் போனஸிலும் வாழ்ந்துவரும் ஊர் இது. மாதச் சம்பளத்தில் பெரிய பொருள் வாங்க முடியாது; ஆகவே சீட்டு. 20 பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டினால் ஒரு லட்சம் சேரும். அவசரக்காரர் 25,000 தள்ளி ஏலம் எடுத்தால் அவர் கைக்கு வருவது 75,000தான். தள்ளிய தொகையில் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக, மீதி 20,000 ஆளுக்கு 1,000 ஆகப் பிரிந்துபோகும். (கமிஷன் 5 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்றது 1982ஆம் ஆண்டுச் சட்டம், 2019இல் அதை 7 ஆக உயர்த்தினார்கள்.) ஆக, முந்தி எடுப்பவர்தான் அதிக விலை கொடுக்கிறார். முகூர்த்தப் புடவையின் உண்மை விலையில் அந்த 25,000த்தில் ஒரு பங்கும் சேர்ந்திருக்கிறது. அதை எந்த பில்லும் காட்டுவதில்லை.

நகைக்கடைத் திட்டம் ஏன் பெரும்பாலும் பதினோரு மாதத்தில் முடிகிறது என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். விசாரித்தோம். பொருளுக்கென வாங்கிய முன்பணத்தை ஒரு கம்பெனி 365 நாள்களுக்குள் பொருளாகக் கொடுத்துத் தீர்க்காவிட்டால் அது வைப்புத்தொகை ஆகிவிடும் என்று 2014ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இது கடைக்காரரின் தாராளம் என்றல்லவா நினைத்திருந்தோம்!

சரி, அந்த வெளிநாட்டுப் பையின் விலைக்குள் என்னதான் இருக்கிறது? 2024இல் இத்தாலியில் மிலான் நீதிமன்றத்தில் ஒரு விவரம் வெளியாயிற்று. டியோர் கம்பெனியின் பை ஒன்றைச் செய்து கொடுத்தவருக்கு, தோல் முதலியவற்றின் செலவு நீங்கலாக, கிடைத்தது 53 யூரோ. கடையில் அந்தப் பையின் விலை 2,600 யூரோ. யாரோ கணக்குக் கேட்டதால்தான் அங்கே வேலை செய்தவர்களின் நிலையும் வெளிச்சத்துக்கு வந்தது.

ஆசைப்படுவதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. நம் ஊர் ஆண்டாளே திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் மையும் பூவும் வேண்டாம் என்று நோன்பு தொடங்கி, இருபத்தேழாம் பாசுரத்தில் அணிகளையெல்லாம் பூண்டு மகிழ்வதைப் பாடுகிறாள். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று கவனித்த இயேசு, ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசைச் சீடர்களிடம் வெளிப்படையாகவே பேசினார் (மாற்கு 12). அவர் பார்த்தது காசின் அளவை மட்டுமன்று. போட்டபின் அவள் கையில் என்ன மிஞ்சிற்று என்பதையும் பார்த்தார்.

"விலை கேட்பது நாகரிகமா?" என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். கல்யாண வீட்டில், "பெண்ணுக்கு எத்தனை பவுன்?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியை நாங்களும் வெறுக்கிறோம். வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்தும் அந்தக் கேள்வி இன்னும் பந்திக்குப் பந்தி உலவுகிறது. அது ஆளை எடைபோடும் கேள்வி. வாங்குமுன் நமக்குள் கேட்டுக்கொள்வது வேறு.

இதை நாங்கள் கற்றுக்கொண்ட விதம் பெருமைக்குரியதன்று. சென்ற ஆண்டு விழா நடனத்துக்குப் பன்னிரண்டு பேரும் ஒரே நிறத்தில் பட்டுப் பாவாடை தாவணி எடுக்கலாம் என்று முடிவு செய்தோம். ஆளுக்கு 1,800 ரூபாய். "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று கேட்டோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை; சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். நடனத்துக்குக் கைதட்டல் பிரமாதம். பரிசும் கிடைத்தது. ஜூன் மாதம் ஒரு தோழியின் அம்மா பள்ளிக்கு வந்தபோது அவர் காதில் வேப்பங்குச்சி இருந்தது. தோடு அடகுக்கடையில் இருக்கிறதாம், தாவணிக்காக வைத்ததாம். "பிள்ளைக்குச் செய்யாமல் யாருக்குச் செய்யப்போகிறேன்?" என்று அவர் சிரித்தார். எங்களால் சிரிக்க முடியவில்லை. அந்தத் தோழி எங்களோடு தினமும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இந்த ஆண்டு செலவு முழுவதையும் முதலிலேயே கரும்பலகையில் எழுதினோம். ஆளுக்கு 400 ரூபாய் வந்தது. தங்களுக்கு முடியும் தொகையை எல்லாரும் பெயரில்லாத துண்டுச்சீட்டில் எழுதித் தரலாம் என்று சிஸ்டர் யோசனை சொன்னார்கள். சீட்டுகளைக் கொடுக்குமுன்பே ஒருத்தி எழுந்து, "எங்கள் வீட்டுக்கு இது அதிகம்" என்றாள். அவள் மில் தொழிலாளியின் மகள் அல்லள். கடைவீதியில் பெரிய கடை வைத்திருப்பவரின் மகள். வகுப்பில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு இன்னும் நான்கு பேர் எழுந்தார்கள்.